பனிக்காலக் கோழியும் கால் செதிலும்: குளிர் சிற்றுண்ணியைக் கொல்லுமா?

கேள்வி, 2024 டிசம்பர் 7

அக்கா, கனடாவில் ஒன்ராறியோவின் லின்ட்சே பக்கம் காணியோடு ஒரு பழைய வீடு வாங்கி வந்திருக்கிறோம். முன்பு இருந்தவர்கள் கூட்டையும் அதற்குள் இருந்த கோழிகளையும் எங்களிடமே விட்டுப் போய்விட்டார்கள். எல்லாம் வளர்ந்த கோழிகள், ஒரு வெள்ளைச் சேவலும் உண்டு. இரண்டு கோழிக்குக் கால் செதில் தூக்கி, இடையில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருக்கிறது. பக்கத்துக் காணிக்காரர், "குளிருக்கு வெடிக்கிறது, வாசலின் பூசு. உண்ணி என்றாலும் ஜனவரியோடு செத்துவிடும்" என்கிறார். நம்பலாமா?

2024 டிசம்பர் 7, இரவு

சாகாது.

கோழியின் உடம்புச் சூடு 41, 42 பாகை. கால் அதைவிடக் குளிர்ந்ததுதான், ஆனால் உறைந்துபோன காலோடு எந்தக் கோழியும் நடந்து திரிவதில்லை. அந்தச் சிற்றுண்ணி செதிலுக்கு அடியில் தோலைக் குடைந்துகொண்டு இருக்கிறது. பிறப்பது, பெருகுவது, சாவது எல்லாம் அங்கேயே. வெளியே மைனஸ் 25 என்று வானிலைச் செய்தியில் கத்துவது அதற்குக் கேட்காது.

உங்கள் அயலவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அது வேறு பூச்சிக்கு. சிவப்புச் சிற்றுண்ணி என்று ஒன்று உண்டு. பகலில் கூட்டின் பலகை இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் ஏறி இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். குளிர் வந்தால் அது அடங்கும். அடங்குமே தவிர, பல மாதம் சாப்பாடில்லாமல் மரத்துக்குள் கிடந்து, சூடு வந்ததும் எழும்பும். கால் செதிலுக்குள் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குளிருக்குச் செதில் தூக்காது. குளிர் கொண்டையைக் கறுப்பாக்கும், கால் விரலைக் கறுப்பாக்கும். செதிலை நிமிர்த்தி அடியில் பொருக்கு வைக்காது.

2024 டிசம்பர் 8

"உறுதியாக எப்படிச் சொல்வது, சேறு காய்ந்ததாகவும் இருக்கலாமே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துத் துடையுங்கள். சேறும் எச்சமும் கரைந்து வந்துவிடும், பொருக்கு வராது.

நல்ல காலில் செதில் கூரை ஓடு வேய்ந்தமாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். முழங்காலிலிருந்து கீழ்நோக்கி விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். கிழட்டுக் கோழிக்குச் செதில் தடித்து நிறம் மங்கியிருந்தாலும் படிந்தே இருக்கும். உண்ணி பிடித்த காலில் ஓரங்கள் நிமிர்ந்து நிற்கும். கீழிருந்து மேலாகத் தடவினால் நகத்தில் தட்டும். இடுக்கில் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் தூள் இருக்கும். விரல்களில் தொடங்கி மேலே ஏறுவதுதான் வழமை, அனேகமாக இரண்டு காலிலும். விட்டுவிட்டால் கால் தடித்து, நொண்டி, விரலே விழுந்த கோழிகளும் உண்டு.

உண்ணியைக் கண்ணால் தேடி மினைக்கெட வேண்டாம். அரை மில்லிமீற்றரும் வராது. அது செய்த வேலையைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கவேண்டும்.

பிராமா, கொச்சின், சில்க்கி போன்ற காலில் இறகு முளைத்த இனம் என்றால் இறகை ஒதுக்கிப் பாருங்கள். அந்த இனங்களுக்கு இது கூடுதலாக வரும். இறகு மறைத்துவிடுவதால் தெரியவருவதும் பிந்தித்தான்.

2024 டிசம்பர் 8, பிறகு

பகலில் துரத்திப் பிடிக்காதீர்கள் தம்பி. எழுத மறந்துவிட்டேன். இருட்டி ஒரு மணித்தியாலம் கழித்துப் போங்கள். கோழி கம்பில் அடைந்த பிறகு அதற்குக் கண் தெரியாது, எதிர்ப்பும் கிடையாது. நெற்றி ரோர்ச்சில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகக் கையைக் கொடுத்துத் தூக்கி, செட்டையை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். தலை உங்கள் கமக்கட்டுக்குள் போய்விட்டால் அது நித்திரையையே தொடரும்.

நான் பார்க்கும் ஒழுங்கு: முதலில் நெஞ்செலும்பு. இறகுக்கு மேலால் பார்த்தால் எல்லாக் கோழியும் வின்ரரில் கொழுத்ததுதான், குளிருக்கு ஊதிக்கொண்டு நிற்கும். கையை உள்ளே விட்டு நெஞ்சுக்கு நடுவில் உள்ள எலும்பைத் தடவவேண்டும். இரண்டு பக்கமும் சதை நிரம்பி எலும்பின் விளிம்பு மட்டும் தட்டுப்பட்டால் நல்லது. கத்தி விளிம்புமாதிரிக் கையில் வெட்டினால் அந்தக் கோழி கொஞ்சக் காலமாகவே இளைத்துக்கொண்டு வந்திருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்தது கழுத்தடியில் உள்ள இரைப்பை. அடையும் நேரத்தில் அது நிரம்பி, தானியம் நறநறவென்று கையில் படவேண்டும். வெறுமையாக இருந்தால் பகலில் மற்றக் கோழிகள் விரட்டியிருக்கின்றன, அல்லது தண்ணீர் உறைந்து போயிருக்கிறது. தண்ணீர் குடிக்காத கோழி தீனும் எடுக்காது. விடியப்புறம் பார்க்கும்போது இரைப்பை காலியாக இருக்கவேண்டும். காலையிலும் உருண்டையாகக் கல்லுப்போல நின்றால் அடைப்பு. பஞ்சுபோல மெத்தென்று, வாயில் புளித்த மணமும் வந்தால் அது வேறு கோளாறு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு, அதனால் கையால் பார்த்ததை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வாலடி. பிறகு கடைசியாகக் கால், பாதத்தின் அடிப்பக்கமும் சேர்த்து.

2024 டிசம்பர் 14

சரி, வைத்தியம். எனக்கு இது முதல்முறை வந்தது ஒரு பழுப்புக் கலப்புக் கோழியில். ஏலத்தில் வாங்கியது. விற்றவர் காலைச் சாக்கால் மூடித்தான் கையில் தந்தார், அப்போதே யோசித்திருக்கலாம் என்று என் மனிசர் இன்றைக்கும் சொல்வார்.

குசினியில் செய்ய வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை, பேஸ்மண்டில் உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில் வாளியை வைத்தேன். முழங்கை வைத்தால் சுடாத சூட்டில் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம். கோழியைத் துவாயில் சுற்றி, கால் மட்டும் உள்ளே போகும்படி மடியில் பிடித்துக்கொண்டு இருந்தேன். முதலில் உதைத்தது. சூடு ஏற ஏறக் கண்ணின் கீழ் இமை மேலே வந்து மூட, தலை என் முழங்கையில் சரிந்துவிட்டது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் பொருக்கு இளகி, தண்ணீரில் தவிடுமாதிரி மிதக்கத் தொடங்கியது. பழைய ரூத்பிரஷால் செதில் படியும் திசையிலேயே, மேலிருந்து கீழ், மெதுவாகத் தேய்த்தேன். எதிர்த்திசையில் தேய்த்தால் செதில் பிய்ந்து இரத்தம் வரும். தானாக வருவது வரட்டும், நகத்தால் கிள்ளி எடுக்கவேண்டாம். அடியில் பச்சைப்புண்.

துவட்டுவதுதான் வின்ரரில் முக்கியமான வேலை. கோடையில் என்றால் அப்படியே வெயிலில் விடலாம். இங்கே ஈரக்காலோடு மைனஸ் 15க்குள் விட்டால் உண்ணி போகும், கூடவே விரலும் போகும். விரல் இடுக்கு உட்பட நன்றாகத் துடைத்து, வாசலினை அப்பி, அன்றிரவு பேஸ்மண்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்திருந்து, மறுநாள் மத்தியானம்தான் கூட்டுக்குக் கொண்டுபோனேன். இரவில் நேரே கொண்டுபோனால் திடீர்க் குளிர்.

வாசலின் அங்கே மருந்தாக வேலை செய்வதில்லை. உண்ணியின் மூச்சை அடைக்கிறது. தேங்காய் எண்ணெயும் அதையே செய்யும், ஆனால் இங்கத்தைய குளிரில் போத்தலுக்குள் கட்டியாகக் கிடக்கும், காலிலும் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால்தான் எனக்கு வாசலின்.

2024 டிசம்பர் 15

நேற்று எழுதியதை வாசித்தால் ஒருமுறை பூசினால் போதும் என்பதுபோல இருக்கிறது. போதாது. அதன் வாழ்க்கைச் சுற்று ஏறக்குறைய 3 கிழமை. கிழமைக்கு ஒருதரம் கழுவி, இடையில் இரண்டொரு நாளுக்கு ஒருதரம் பூசி, ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் செய்யவேண்டும். செதில் உடனே அழகாகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். நிமிர்ந்த பழைய செதில் விழுந்து புதிது வர மாதக்கணக்காகும். புதிதாகத் தூள் சேராமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். முதல் நாளே காலை ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளாந்தம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

இரண்டு கோழிக்குத்தான் தெரிகிறது என்றாலும் எல்லாக் கோழிக்கும் பூசுங்கள், சேவலுக்கும். ஒரே கம்பில் கால் உரசிக்கொண்டு அடைகிறவை அவை. கம்பையும் சுரண்டிச் சுத்தமாக்குங்கள்.

2024 டிசம்பர் 15, இரவு

மண்ணெண்ணெய் என்று எழுதியவருக்கு: வேண்டாம். ஊரில் செய்தார்கள்தான், எங்கள் அம்மம்மாவும் ஒரு ரின்னில் ஊற்றிக் காலை முக்கியவர்தான். தோல் வேகும், கோழி கொத்தினால் வயிற்றுக்குள்ளும் போகும். அதோடு நீங்கள் கூட்டுக்குள் வெப்ப விளக்கும் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். மரச்சீவல், மண்ணெண்ணெய்க் கால், வெப்ப விளக்கு. மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

2024 டிசம்பர் 29

இது கேள்வியை விட்டு விலகுகிறது, ஆனால் எழுதாமல் விட்டால் எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். ஒன்ராறியோ வின்ரரில் காலைவிட நான் பயப்படுவது வாலடியை. இங்கே வடபுலக் கோழிச் சிற்றுண்ணி என்று ஒன்று இருக்கிறது. இது இரவும் பகலும் கோழியின் மேலேயே குடியிருந்து இரத்தம் குடிக்கிறது, குளிர்காலத்தில்தான் இன்னும் பெருகுகிறது. ஒரு கிழமைக்குள் ஒரு தலைமுறை ஆகிவிடும். அதனால் நத்தாருக்கு முந்தி இல்லாதது புதுவருடத்துக்குப் பிறகு ஆயிரமாக நிற்கும்.

பின்வாய்க்குக் கீழே உள்ள பஞ்சிறகை ஊதிப் பிரியுங்கள். இறகின் அடி கறுத்து, எண்ணெய்க் கரிபோல அழுக்குப் படிந்திருந்தால் அதுதான். கையில் மிளகுத்தூள் அளவில் ஏறி ஓடும். உங்களைக் கொஞ்சம் அரிக்கும், பயப்படவேண்டாம், மனிசரில் நிற்காது. பேன் என்றால் வைக்கோல் நிறத்தில், வெளிச்சம் பட்டதும் விரைவாக ஓடும், இறகின் அடித்தண்டில் வெள்ளை முட்டைகள் கட்டியாக ஒட்டியிருக்கும். பேன் தோலையும் இறகையும் கடிக்கும். சிற்றுண்ணி இரத்தத்தை எடுத்துக் கோழியை வெளிறவைக்கும். கொண்டை, முகம் வெளிறி, முட்டையும் நின்று, தீன் மட்டும் தின்கிற கோழி என்றால் முதலில் அந்த இடத்தைப் பிரித்துப் பாருங்கள்.

ஏன் வின்ரரில் பெருகுகிறது என்பதற்கு என் விளக்கம் எளிது. கோழி மண் குளிக்க வழியில்லை. ஊரில் மாமரத்தடியில் குழி பறித்துப் புழுதியில் புரண்டு, தன் வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். இங்கே நவம்பர் கடைசியிலிருந்து நிலம் கல். அதனால் நான் இலையுதிர்காலத்திலேயே காய்ந்த தோட்டமண்ணை வாளிகளில் எடுத்துக் கராஜுக்குள் வைத்துவிடுவேன். அடுப்பு மரச்சாம்பலும் அதனோடு கலந்து, கூட்டுக்குள் ஈரம் படாத மூலையில் பழைய ரயரை வைத்து அதற்குள் கொட்டினால், முதல் நாளே சண்டைபிடித்துக்கொண்டு இறங்கும். பெயின்ற் அடித்த பலகையின் சாம்பல் வேண்டாம். சிலர் டயற்றமேசியஸ் மண் என்று பூச்சிக்குத் தூவும் நுண்ணிய தூளை மூட்டையாக வாங்கிக் கொட்டுகிறார்கள். மூடிய கூட்டில் அந்தத் தூசி கோழிக்கும் கூடாது, கூட்டுகிற உங்களுக்கும் கூடாது. கோழியின் சுவாசம் அவ்வளவு பலமானதல்ல.

2025 ஜனவரி 4

இல்லை. கோழிக்குச் ஸ்வெற்றர் பின்னாதீர்கள்.

உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள் என்பதால் உண்மையாகவே பதில்: கோழி தன் இறகை ஊதி, உள்ளே காற்றைப் பிடித்துவைத்துத்தான் சூட்டைக் காக்கிறது. ஸ்வெற்றர் அந்த இறகை அமத்திவிடும். நனைந்தால் இன்னும் மோசம். உள்ளே உண்ணிக்கு வாடகை இல்லாத வீடு. அன்பு மிஞ்சினால் அந்த நூலில் உங்கள் பேரப்பிள்ளைக்குத் தொப்பி பின்னுங்கள்.

2025 ஜனவரி 22

நேற்றும் இன்றும் இங்கே இரவில் மைனஸ் 20ஐத் தாண்டிய குளிர். தம்பி, உங்கள் வெள்ளைச் சேவலின் படம் பார்த்தேன். லெக்கோர்ன் சாதி, கொண்டை பெரிது. நுனிகள் கறுத்திருப்பது உறைகடி, குளிரில் தசை உறைந்து செத்தது. செய்யவேண்டியது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. தேய்க்கவேண்டாம், வெந்நீர் ஒற்றவேண்டாம், கறுத்ததை வெட்டவேண்டாம். அந்தக் கறுப்பு அடியில் உள்ள நல்ல தசைக்கு மூடி, தானாகக் காய்ந்து விழும். சீழ், வீக்கம், மணம் வந்தால் மட்டும் மிருக வைத்தியரிடம் (வெட்) போங்கள். சேவலுக்கு இந்த நேரத்தில் நோவும் இருக்கும், கொஞ்ச நாளைக்கு அதன் சேவகத்தில் தொய்வு இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் இரண்டாவது படம்தான் எனக்குக் காரணத்தைச் சொன்னது. கூட்டு யன்னலின் உட்பக்கக் கண்ணாடியில் பனி பூத்திருக்கிறது. வெளியே இருந்து வந்த பனி அல்ல அது, கோழியின் மூச்சும் எச்சத்தின் ஈரமும். நீங்கள் குளிருக்குப் பயந்து காற்றுத்துவாரத்தையெல்லாம் சாக்கால் அடைத்துவிட்டீர்கள். அந்த ஈரம் கொண்டையில் படிந்துதான் உறைந்தது. காய்ந்த கூட்டில் மைனஸ் 20ஐக் கோழி தாங்கும், ஈரக் கூட்டில் மைனஸ் 8க்கே கொண்டை போகும்.

கோழி அடையும் உயரத்துக்கு மேலே, கூரைக்குக் கீழே உள்ள துவாரங்களைத் திறவுங்கள். காற்று அவற்றின் தலைக்கு மேலால் போகவேண்டும், முதுகில் வீசக்கூடாது. விடிய கூட்டைத் திறந்ததும் கம்பின் உயரத்துக்குக் குனிந்து மூச்செடுத்துப் பாருங்கள். மூக்கில் அமோனியா அடித்தால் கோழியின் கண்ணிலும் நெஞ்சிலும் இரவு முழுக்க அது அடித்திருக்கிறது. நம் மூக்கு பிடிக்கிற அளவே அவற்றுக்குக் கூடுதல்.

கம்பைப் பற்றியும் கேட்டீர்கள். 2க்கு 4 அங்குலப் பலகையைத் தட்டையாக, அகலப்பக்கம் மேலே வரும்படி வையுங்கள். கோழி கால் விரலை விரித்து அதன்மேல் குந்தினால் வயிற்று இறகு விரலை முழுக்க மூடும். உருண்டைக் கம்பில் விரல் சுற்றிப் பிடிக்கும், முன்விரல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கால் உறைகடி அங்கேதான் தொடங்குகிறது.

கொண்டைக்கு வாசலின்? பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈரத்தை எடுக்காமல் கொண்டைக்கு எதைப் பூசினாலும் ஒன்றுதான்.

2025 ஜனவரி 26

கொண்டைக் கதை வந்ததால் ஒரு சின்னக் கதை. இந்தத் தொல்லைக்காகவே கனடாவில் ஒரு இனத்தை உருவாக்கினார்கள். கியூபெக்கில் ஓகா துறவிமடத்தில் சகோதரர் வில்பிரட் ஷாத்தலேன் என்ற துறவி, 1900களின் தொடக்கத்தில் அங்கிருந்த கோழிகளைப் பார்த்து, எல்லாம் வேறு தேசத்துக் காலநிலைக்கு வளர்த்தவை, நம் குளிருக்கு ஒன்றும் இல்லையே என்று தொடங்கினார். கோர்னிஷ், லெக்கோர்ன், ரோட் ஐலன்ட் ரெட், வயன்டொற், பிளிமத் றொக் என்று கலந்து கலந்து, 1918இல் ஷான்ரக்ளேர் என்ற அந்த இனத்தை வெளியே காட்டினார். 1921இல் அமெரிக்கக் கோழிச் சங்கத்தின் தரப் புத்தகத்தில் ஏறியது. கொண்டை தலையோடு ஒட்டிய சின்ன மெத்தை, தாடி இருக்கிறதா என்று தேடவேண்டும். உறைய அங்கே ஒன்றுமில்லை.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. குளிரில் நிம்மதி. சுபாவம் துறவிமாதிரி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், தீன் பாத்திரத்தில் மற்றவர்களை அண்ட விடுவதில்லை. கால் உண்ணி அவற்றுக்கும் வரும். கொண்டையைத்தான் துறவி குறைத்தார், காலை அல்ல.

2025 பெப்ரவரி 9

"கோழி ஊதிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கிறது, குளிராக்கும்" என்று எழுதியவருக்கு. எல்லாக் கோழியும் ஊதிக்கொண்டு நின்றால் குளிர். ஒன்று மட்டும் நின்றால் வருத்தம். அதுவும் தோள் கூனி, வால் கீழே, செட்டை தொங்கி, பகலில் கண் மூடிக்கொண்டு நின்றால் அன்றைக்கே கையில் எடுத்துப் பாருங்கள். கோழி நோயை ஒளிக்கும். கூட்டத்தில் பலவீனம் காட்டினால் மற்றவை கொத்தும் என்பதற்காக முடிந்தவரை தின்பதுபோலக் கொத்திக்கொண்டே நிற்கும், தானியம் உள்ளே போகாது. அதனால்தான் இரவில் இரைப்பையைத் தொட்டுப்பார்க்கச் சொன்னேன்.

நொண்டினால் பாதத்தின் அடியைப் பாருங்கள். நடுவில் கறுப்பாக வட்டப் பொருக்கு, சுற்றி வீக்கம், சூடு இருந்தால் பாதப் புண். உயரக் கம்பிலிருந்து உறைந்த நிலத்துக்குக் குதித்துக் குதித்து அடிபட்ட இடத்தில் கிருமி போகிறது. கம்பைத் தாழ்த்துங்கள், அடியில் மரச்சீவலைத் தடிப்பாகப் போடுங்கள். ஆழமாக இருந்தால் வீட்டில் கத்தி வைத்து அறுவைச் சிகிச்சை செய்யும் காணொளிகளைப் பார்த்துப் பழகாதீர்கள்.

இன்னொன்று, இதை மறக்கக்கூடாது. கொண்டையின் நுனி மட்டும் கறுத்தால் உறைகடி. கொண்டை முழுக்க நீலம் பாரித்து, முகம் வீங்கி, அல்லது ஒன்றன்பின் ஒன்றாகத் திடீரென்று செத்தால் அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். எச்5என்1 கனடாவுக்கு 2021 டிசம்பரில் நியூஃபவுண்ட்லாந்தில் வந்தது, பிறகு போகவில்லை. அப்படிச் சந்தேகம் என்றால் கூட்டை மூடி, ஒரு கோழியையும் வெளியே கொண்டுபோகாமல், மிருக வைத்தியரையோ கனடிய உணவு ஆய்வு முகவரகத்தையோ அழையுங்கள். காட்டு வாத்து இறங்கும் குளம் பக்கத்தில் இருந்தால் அங்கே போட்ட சப்பாத்தோடு கூட்டுக்குள் போகாதீர்கள். காரணம் தெரியாமல் ஒரு கோழி செத்தால், வெட் மூலமாகக் குவெல்ப் பல்கலைக்கழக விலங்கு நல ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். குளிரூட்டியில் வையுங்கள், உறையவைக்கவேண்டாம். உறைந்தால் உள்ளே பார்ப்பது கஷ்டம்.

2025 பெப்ரவரி 10

முட்டை போடவில்லை என்பதை மட்டும் வைத்து நோய் என்று ஓடவேண்டாம். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் 9 மணித்தியாலத்துக்கும் குறைவு. கோழிக்கு 14 மணித்தியாலமாவது வெளிச்சம் வேண்டும். விளக்குப் போடுவதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். நான் போடுவதில்லை, கோழிக்கும் ஓய்வு வேண்டும் என்று நினைக்கிறேன். என் மனிசர் கடையில் முட்டை விலையைப் பார்க்கும் நாள்களில் எங்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு வரும்.

சோளம் போட்டால் சூடு என்று நாள் முழுக்கச் சோளம் போடுகிறவர்களும் கொஞ்சம் கையை இழுங்கள். அடையப்போகும் முன் ஒரு பிடி போதும். வயிறு முழுக்க மஞ்சள் கொழுப்பும் ஈரல் வீங்கியும் செத்த கோழி குளிரால் சாகவில்லை. நிலம் மூடிக்கிடப்பதால் தீனை அரைக்கச் சிறுகல்லும் கிடைக்காது. அதற்கு ஒரு கிண்ணத்தில் கிரிற், இன்னொன்றில் சிப்பி ஓடு வையுங்கள்.

2025 மார்ச் 2

ஐவர்மெக்ரின் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். கால் உண்ணிக்கு அது வேலை செய்யும், வெட்மார் கொடுக்கிறார்கள். ஆனால் முட்டையிடும் கோழிக்கென்று லேபிள் போட்ட மருந்தல்ல அது. மாட்டுக்கோ குதிரைக்கோ உள்ள போத்தலைத் தீன் கடையில் வாங்கி, யாரோ எழுதிய சொட்டுக் கணக்கில் விட்டுவிட்டு, அடுத்தநாள் முட்டைப் பொரியல் சாப்பிடாதீர்கள். நிறையைப் பார்த்து அளவையும், எத்தனை நாள் முட்டையை எறியவேண்டும் என்பதையும் வெட் எழுதித் தரவேண்டும். அந்த முட்டையை நாய்க்கும் போடாதீர்கள். கொலி நாய் இனங்கள் சிலவற்றுக்கு அந்த மருந்தே ஆகாது.

என் கணக்கில், தொடக்கத்திலேயே பிடித்தால் வாளியும் வாசலினும் போதும். விரல் கோணத் தொடங்கியிருந்தால், கோழி நிறைய என்றால், வெட்தான்.

தம்பி, உங்கள் இரண்டு கோழியின் டிசம்பர்ப் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழுப்பிக்கு நன்றாகப் படிந்துவிட்டது. கறுப்பிக்கு வலது கால் பின்விரலில் இன்னும் தூள் தெரிகிறது. நிறுத்தாதீர்கள்.

2025 ஏப்ரல் 6

கரண்ட் வந்துவிட்டது. பீற்றர்பரோ, லின்ட்சே, ஒறிலியாப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மார்ச் 28இலிருந்து உறைமழை கொட்டி, மரமெல்லாம் முறிந்து கம்பியில் விழுந்து, கூட்டுக்குப் போகும் பாதையே பனிக்கண்ணாடி. குளிர் என்று பார்த்தால் பூச்சியத்தைச் சுற்றித்தான், ஜனவரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் குளிர்காலத்திலேயே என் கோழிகள் நடுங்கி நான் பார்த்தது இந்த நாள்களில்தான். இரண்டு பிராமாக் கலப்புக் கோழிகள் வெளியே நின்று முதுகு நனைந்து, இறகு ஒட்டி, ஊதமுடியாமல் நின்றன. துவாயால் ஒற்றி, ஜெனரேற்றர் ஓடும் அறையில் அல்ல, குசினியில் (இந்த முறை ஒருவரும் எதிர்க்கவில்லை) பெட்டியில் வைத்துக் காயவிட்டேன். மைனஸ் 20இல் காய்ந்த இறகோடு முற்றத்தில் கிளறித் திரிந்த அதே கோழிகள்.

வெப்ப விளக்குக்குப் பழக்கிய ஒரு வீட்டில் கரண்ட் போனதும் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை நசுங்கியதாகக் கேள்வி. விளக்கைப் பற்றி இனி வாதாட எனக்குத் தெம்பில்லை.

2025 ஏப்ரல் 20

கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: "இனிக் குளிர் போய்விட்டது, பார்ப்பதை நிறுத்தலாமா?" கால் பார்ப்பதைக் கொஞ்சம் தளர்த்தலாம், கறுப்பிக்குத் தவிர. ஆனால் முதல் குறிப்பில் எழுதிய சிவப்புச் சிற்றுண்ணி இப்போதுதான் மரத்துக்குள்ளிருந்து எழும்பும். இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு வெள்ளைக் கடதாசியால் அல்லது வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடையுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் இருக்கிறது. கம்பு சுவரில் பொருந்தும் முனையைக் கழற்றிப் பாருங்கள், அங்கேதான் கூட்டமாக இருக்கும், சாம்பல் தூவினமாதிரிக் கழிவும் தெரியும். பகலில் எல்லாக் கம்பையும் வெளியே எடுத்து, கொதிதண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவிட்டு, இடுக்குகளை அடைத்துப் பூட்டுங்கள். ஒரு கிழமை கழித்து திரும்பவும் துடைத்துப் பாருங்கள். கோழிகள் பின்னேரம் கூட்டுக்குள் ஏற மறுத்து வெளியே வேலியில் குந்தினால், துணி தேடக்கூட வேண்டாம், வாளியை அடுப்பில் வையுங்கள்.